ஜிப்சம் போர்டில் விரிசல், தொய்வு, கறை: எதைக் கண்டால் எதைப் பார்ப்பது

வேலூரைச் சுற்றி காட்பாடி, சத்துவாச்சாரி, குடியாத்தம், ஆற்காடு பக்கமெல்லாம் ஃபால்ஸ் சீலிங், பார்ட்டிஷன் வேலை செய்கிறேன். புது வேலையைவிட, ஏற்கெனவே யாரோ முடித்துக் கொடுத்துவிட்டுப் போனதில் கோளாறு என்று கூப்பிடுகிறவர்கள்தான் இப்போது அதிகம். சித்திரை, வைகாசியில் விரிசலுக்குக் கூப்பிடுவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் கறைக்குக் கூப்பிடுவார்கள். முக்கால்வாசி வீடுகளில் நான் போவதற்கு முன்பே ஒருமுறை பட்டி பூசி, பெயின்ட் அடித்து மறைத்திருப்பார்கள். அடுத்த வெயிலுக்கு அதே இடத்தில் அதே கோடு வந்திருக்கும். செய்த செலவு வீண்.

போர்டு தானாக வெடிப்பது அபூர்வம். பின்னால் உள்ள சட்டம் அசைகிறது, மேலிருந்து தண்ணீர் வருகிறது, அல்லது ஜாயிண்டில் போடவேண்டியதைப் போடாமல் விட்டிருக்கிறார்கள். இந்த மூன்றில் எது என்று தெரியும்வரை பட்டி டப்பாவைத் திறக்காதீர்கள். கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாத சோதனையை முதலில் எழுதியிருக்கிறேன். செலவு வைக்கிற காரணம் கடைசியில் வரும். அந்த வரிசையிலேயே பாருங்கள்.

கையில் வேண்டியவை: ஒரு டார்ச், அளவு டேப், நூல்கண்டு, பென்சில், ஒரு நல்ல காந்தம். காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி போர்டின் மேல் நகர்த்தினால் ஸ்க்ரூ இருக்கும் இடமெல்லாம் இழுக்கும். ஸ்க்ரூக்கள் வரிசையாக நிற்கும் கோட்டில்தான் சேனல், அதாவது போர்டைத் தாங்கும் தகரச் சட்டம், ஓடுகிறது. போர்டைப் பிரிக்காமலே சட்டம் எப்படிப் போயிருக்கிறது என்று தெரிந்துகொள்ள இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை. சீலிங்கில் எந்த இடத்தைக் குத்துவதற்கும் வெட்டுவதற்கும் முன்பு அந்த அறையின் மின்சாரத்தை மெயினில் நிறுத்திவிடுங்கள். உள்ளே வயர் எங்கே போகிறது என்று வெளியிலிருந்து தெரியாது.

## ஜாயிண்டில் நேர்க்கோடாக விரிசல்

அதிகம் வரும் புகார் இதுதான். நம் கடைகளில் கிடைக்கும் போர்டு பெரும்பாலும் ஆறடிக்கு நாலடி, கனம் 12.5 மி.மீ., அதாவது நாலு நூல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு). ஆகவே ஆறடி, நாலடி இடைவெளியில் நேராகக் கோடு விழுந்திருந்தால் அது ஜாயிண்ட்தான்.

முதலில் கோட்டின் இரண்டு பக்கமும் உள்ளங்கையால் மெதுவாக மேலே அழுத்துங்கள். இன்னொருவர் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துக் கோட்டையே பார்க்கட்டும்.

அழுத்தினால் எதுவும் அசையவில்லை. அப்படியானால் சட்டம் சரி, பூச்சில்தான் குறை. கத்தி நுனியால் கோட்டின் மேல் இரண்டு அங்குலம் சுரண்டிப் பாருங்கள். மூன்றில் ஒன்று தெரியும். டேப்பே இருக்காது, வெறும் பட்டி அடைத்திருப்பார்கள். அல்லது வலை மாதிரியான ஃபைபர் டேப் ஒட்டி அதன்மேல் சுவர்ப் பட்டியோ பி.ஓ.பி.யோ (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) பூசியிருப்பார்கள். அல்லது பேப்பர் டேப் இருக்கும், அடியில் காம்பவுண்டு (போர்டு ஜாயிண்டுக்கென்றே வரும் பூச்சு) இல்லாமல் தோல் மாதிரி உரிந்து வரும். மூன்றுக்கும் வைத்தியம் ஒன்றுதான், நீங்களே செய்யலாம்.

கோட்டுக்கு இருபுறமும் மூன்று அங்குலம் சுரண்டி எடுங்கள். போர்டின் காகிதம் கிழியக்கூடாது. தூசியை ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். இடைவெளி ஒரு நூலுக்கு மேல் இருந்தால் அதை மட்டும் முதலில் ஜாயிண்டிங் காம்பவுண்டால் அடைத்துக் காயவிட வேண்டும். அப்புறம் காம்பவுண்டை மெல்லிய படுக்கையாக இழுத்து, பேப்பர் டேப்பை அதில் வைத்து, தகட்டால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தி, அடியில் உள்ள காற்றையும் மிஞ்சிய காம்பவுண்டையும் வெளியே தள்ளுங்கள். மேலே ஒரு மெல்லிய பூச்சு. நன்றாகக் காய்ந்த பிறகு எட்டு அங்குல அகலத்துக்கு இரண்டாவது பூச்சு, அதுவும் காய்ந்த பிறகு ஓரடி அகலத்துக்கு மூன்றாவது. உப்புத்தாள் தேய்த்து, பிரைமர் அடித்து, அப்புறம்தான் பெயின்ட்.

இங்கே இரண்டு விஷயம் சொல்லவேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் போர் தண்ணீர் உப்பு என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தத் தண்ணீரில் காம்பவுண்டைக் கலக்கினால் கையிலேயே இறுகத் தொடங்கிவிடுகிறது. குடிக்கிற தண்ணீரில் கலக்குங்கள், ஒரு வாளிதான் ஆகும். பழைய காம்பவுண்டு ஒட்டிக்கொண்டிருக்கும் வாளியில் கலந்தாலும் இதே கதைதான். இரண்டாவது, கத்திரி வெயில் நாளில் சீக்கிரம் காயட்டும் என்று கீழே ஃபேனை வைத்துவிடுகிறார்கள். மேல்தோல் மட்டும் காய்ந்து சுருங்கி மயிரிழை விரிசல் விடும். ஜன்னலைக்கூட ஒருக்களித்து வையுங்கள். மழைக்காலத்தில் இதற்கு நேர்மாறு: ஒரு பூச்சுக்கு ஒரு முழு நாள் போதாமலும் போகலாம், அவசரப்பட வேண்டாம்.

அழுத்தினால் ஒரு பக்கம் ஏறி இறங்குகிறது. காந்தத்தை ஓட்டுங்கள். சீலிங்கில் ஸ்க்ரூக்கள் 230 மி.மீ., அதாவது சுமார் ஒன்பது அங்குலத்துக்கு ஒன்று இருக்கவேண்டும். ஒன்றரை அடி, இரண்டடிக்கு ஒன்று என்று கிடைத்தால் காரணம் கண்டுபிடித்தாயிற்று. சேனல் கோட்டிலேயே 25 மி.மீ. ஸ்க்ரூக்களை இடையிடையே சேர்த்துவிட்டு, மேலே சொன்னபடி டேப் வேலை செய்யுங்கள்.

ஸ்க்ரூ சரியாக இருந்தும் அசைந்தால், போர்டின் அந்த ஓரம் சேனலில் உட்காராமல் அந்தரத்தில் நிற்கிறது. வெட்டிய துண்டு போட்ட மூலைகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். ஜாயிண்டை ஒட்டி ஒரு கை நுழைகிற அளவுக்குச் சதுரமாக வெட்டி, உள்ளே ஒரு சேனல் துண்டை இரண்டு போர்டுக்கும் பாலமாக வைத்து ஸ்க்ரூ போட்டால் நின்றுவிடும். ஏணியில் நின்று தலைக்குமேல் செய்கிற வேலை. பழக்கமில்லாதவர்கள் இதற்கு ஆள் வைத்துக்கொள்வது நல்லது.

அறை முழுக்க எல்லா ஜாயிண்டிலும் கோடு. சீலிங் செக்ஷன், அதாவது போர்டை ஸ்க்ரூ போட்டுப் பிடிக்கிற சேனல், எத்தனை இடைவெளியில் ஓடுகிறது என்று காந்தத்தால் அளந்து பாருங்கள். 457 மி.மீ., அதாவது ஒன்றரை அடிக்கு ஒன்று வரவேண்டும். அதற்கு மேலே குறுக்கே ஓடும் இன்டர்மீடியட் சேனல் நாலடிக்கு ஒன்று. செக்ஷனை இரண்டடிக்குத் தள்ளிப்போட்டு பொருளை மிச்சம் பிடித்த வேலைகள் இந்தப் பக்கம் நிறைய இருக்கின்றன. அதை டேப் ஒட்டித் தீர்க்க முடியாது. போர்டை இறக்கி, செக்ஷன் சேர்த்து, மறுபடி ஏற்றவேண்டும். இது கான்ட்ராக்டரைக் கூப்பிடும் இடம். கூப்பிடும்போது நீங்கள் அளந்த இடைவெளியைச் சொல்லுங்கள். "ஒரு கோட் பூசிடலாம்ண்ணா" என்று சொல்லிவிட்டுப் போக அவரால் முடியாது.

கதவு, ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கோடு. பார்ட்டிஷனில் வருவது. கதவு நிலையின் மூலைக்கு நேராகவே இரண்டு போர்டின் ஜாயிண்டைக் கொண்டுவந்திருப்பார்கள். கதவு அடிக்கிற ஒவ்வொரு அடியும் அங்கேதான் விழும். டேப் போட்டால் சில மாதம் தாங்கும். நிரந்தரமாகப் போகவேண்டுமானால், மூலையைச் சுற்றி போர்டை வெட்டி எடுத்துவிட்டு, ஒரே போர்டில் ‘ட’ மாதிரி மடங்கி வருகிற துண்டு வெட்டிப் போடவேண்டும். ஜாயிண்ட் கதவின் மேல்சட்டத்துக்கு நடுப்பக்கமாகத் தள்ளிப்போய்விடும்.

2021 நவம்பர் 29 விடியற்காலை வேலூருக்கு மேற்கு, தென்மேற்கே சுமார் 59 கி.மீ. தொலைவில் 3.6 அளவில் நில அதிர்வு பதிவானது. அதற்குப் பிறகு சீலிங்கில் எந்தக் கோடு தெரிந்தாலும் "பூகம்பத்துல விட்டதா?" என்று கேட்பவர்கள் உண்டு. பயம் நியாயமானதுதான். சோதனை எளிது. கோடு போர்டு ஜாயிண்டில் மட்டும் இருக்கிறதா, பக்கத்துச் சுவரிலும் பீமிலும் இருக்கிறதா என்று பாருங்கள். போர்டில் மட்டும் என்றால் மேலே சொன்ன காரணங்களில் ஒன்று. செங்கல் சுவரிலும் சாய்வாக ஓடி, ஒரு நூல் அகலத்துக்கு விரிந்திருந்தால் அது ஜிப்சம் வேலைக்காரரின் விஷயம் இல்லை, கட்டமைப்புப் பொறியாளரிடம் காட்டுங்கள்.

## சுவரும் சீலிங்கும் சேரும் ஓரத்தில் கோடு

மேல்மாடி வீடுகளில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் வரும். வேலூர் வெயிலில் 40 டிகிரிக்கு மேல் போகிற நாட்களில் மொட்டைமாடித் தளம் பகலில் விரிந்து இரவில் சுருங்குகிறது. அதில் தொங்குகிற சட்டமும் கூடவே ஆடுகிறது. சுவர் ஆடுவதில்லை.

பட்டியைச் சுரண்டிவிட்டு, அக்ரிலிக் சீலன்ட் போட்டு விரலால் இழுத்துவிடுங்கள். அது கொஞ்சம் இழுபடும், மேலே பெயின்ட்டும் ஒட்டும். சிலிக்கான் வாங்காதீர்கள், அதன்மேல் பெயின்ட் நிற்காது.

அப்படியும் வருடாவருடம் விட்டால் ஓரத்தில் உள்ள பெரிமீட்டர் சேனலை அழுத்திப் பாருங்கள். சுவரிலிருந்து கழன்றிருந்தால், துளைக்குள் ஸ்க்ரூவைப் பிடிக்கும் பிளக் பிடிக்கவில்லை. மர உத்தரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துத் தளம் போட்ட பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் இது சகஜம். சுண்ணாம்புச் சாந்தில் போட்ட பிளக் பல் விழுந்த மாதிரி வந்துவிடும். சாந்தை விட்டுவிட்டு செங்கல்லின் நடுவில் துளை போட்டு, நீளமான ஸ்க்ரூ கொடுக்கவேண்டும். செங்கல்லே பொடிந்தால் நிறுத்திவிட்டு கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.

மொட்டைமாடியில் வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சு அடித்த வீடுகளில் இந்தக் கோடு குறைவதை நானே பார்த்திருக்கிறேன். அறையும் குளிரும்.

## ஸ்க்ரூ தலை மொட்டு மொட்டாகத் தெரிகிறது

டார்ச்சைச் சீலிங்கோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால் தெரியும். பட்டி வட்டமாக உப்பியிருக்கும், அல்லது காசு மாதிரி கழன்று விழுந்திருக்கும்.

ஒன்றிரண்டு மட்டும் என்றால் அந்த ஸ்க்ரூ சேனலைப் பிடிக்காமல் போயிருக்கும். ஸ்க்ரூ டிரைவரால் திருகிப் பாருங்கள். பிடியில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தால், ஒன்றரை அங்குலம் தள்ளி சேனல் கோட்டில் புதிதாக ஒன்று போட்டுவிட்டு அதை எடுத்துவிடுங்கள். வரிசையில் முக்கியமானது: புதியதை முதலில் போட்டு போர்டை இறுக்கிய பிறகுதான் பழையதைக் கழற்றவேண்டும்.

நிறைய இருந்தால், மிஷினை முழு வேகத்தில் விட்டு தலை காகிதத்தைக் கிழித்து உள்ளே போயிருக்கிறதா பாருங்கள். போர்டின் பலம் அந்தக் காகிதத்தில்தான் இருக்கிறது. தலை காகிதத்தைக் குழித்து அதன் மட்டத்துக்கு ஒரு மயிரிழை கீழே நிற்கவேண்டும், கிழிக்கக்கூடாது. கிழித்த ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் புதிது போட்டே ஆகவேண்டும்.

மரச்சட்டத்தில் அடித்த போர்டானால் காரணம் வேறு. ஈரம் வற்றாத நாட்டு மரத்தை வாங்கி உடனே அடித்திருப்பார்கள். மரம் காய்ந்து சுருங்கும்போது ஸ்க்ரூ வெளியே தள்ளும். முதல் கோடை முழுதாகப் போகட்டும், அப்புறம் ஒரே தடவையில் சரிசெய்யுங்கள். இடையில் செய்தால் இரண்டு தடவை செய்யவேண்டும்.

மொட்டு இல்லாமல் காப்பிநிறப் புள்ளி மட்டும் தெரிந்தால் அது துரு. சாதாரண ஆணி போட்டிருக்கிறார்கள், அல்லது உள்ளே ஈரம் இருக்கிறது. ஒரே பகுதியில் கூட்டமாகப் புள்ளி இருந்தால் ஈரம்தான். கறை பற்றிய பகுதிக்குப் போங்கள். இங்கொன்றும் அங்கொன்றுமாக இருந்தால் சுரண்டி, மெட்டல் பிரைமர் தொட்டு வைத்து, பட்டி பாருங்கள்.

## சீலிங் நடுவில் தொய்ந்திருக்கிறது

கண் ஏமாற்றும். எதிரெதிர் சுவரில் சீலிங்கை ஒட்டி நூலை இழுத்துக் கட்டிப் பாருங்கள். தொய்வு இருந்தால் நடுவில் போர்டு நூலைக் கீழே தள்ளும். எத்தனை நூல் தள்ளுகிறது என்று அளந்து, தேதியோடு சுவர் ஓரத்தில் பென்சிலால் குறித்து வையுங்கள். இரண்டு நூலுக்குள், ஈரமில்லை, பதினைந்து நாளில் மாறவில்லை என்றால் அவசரமில்லை.

மாறினால் இந்த வரிசையில் பாருங்கள். மேலே யாராவது எதையாவது வைத்திருக்கிறார்களா? ஏசிக்காரர் குழாயையும், கேபிள்காரர் மிச்ச வயர்ச் சுருளையும் போர்டின்மேலேயே போட்டுவிட்டுப் போவது உண்டு. லைட் துளை வழியாக டார்ச் அடித்து எட்டிப்பார்த்தால் தெரிந்துவிடும். அடுத்து ஃபேன். அதன் எடையும் ஆட்டமும் கான்கிரீட் தளத்தில் உள்ள கொக்கியில்தான் இருக்கவேண்டும். ராடு போர்டில் ஒரு துளை வழியாக வந்துபோகவேண்டும், போர்டைத் தொடக்கூடாது. சேனலிலோ போர்டிலோ ஃபேனைத் தொங்கவிட்டிருந்தால் அதை அப்போதே நிறுத்தி, இறக்குங்கள். இதில் நான் யாரோடும் பேரம் பேசுவதில்லை. அதற்குப் பிறகு ஈரம்: கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்குகிறதா?

கடைசியாகத் தொங்கல். தளத்திலிருந்து சட்டத்தைத் தாங்கும் பட்டையை ஆங்கர் (கான்கிரீட்டுக்குள் இறுகிப் பிடிக்கும் போல்ட்) போட்டு மாட்டாமல் ஆணி அடித்து மாட்டியிருந்தால் ஒவ்வொன்றாகக் கழலும். உள்ளே டார்ச் அடித்தால், சில பட்டைகள் விறைப்பாகவும் சில தளர்ந்தும் தெரியும். இது ஆள் வைத்துச் செய்யும் வேலைதான்.

தகரக் கூரைக்கு அடியில் போட்ட சீலிங்குக்குத் தனியாகச் சொல்லவேண்டும். மாடியில் ஷெட் போட்டு, அதில் ஜிப்சம் சீலிங் கேட்கிறவர்கள் கூடிவிட்டார்கள். தொடர்ந்து 50 டிகிரிக்கு மேல் சூடு ஏறுகிற இடத்துக்கு ஜிப்சம் போர்டு ஆகாது, பலம் போய்விடும். கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவில் காற்றுப் போக வழியும், கூரைக்கடியில் வெப்பத் தடுப்பும் இல்லாமல் அங்கே எத்தனை தடவை சரிசெய்தாலும் தொய்யும்.

ஒரே நாளில் அரை அங்குலத்துக்குமேல் இறங்கியது, மடமடவென்று சத்தம் வந்தது, அல்லது வயிறு மாதிரி உப்பித் தண்ணீர் நிற்கிறது: அறையைக் காலி செய்யுங்கள். கட்டில் கீழே இருந்தால் யாரும் அங்கே படுக்கவேண்டாம். ஆறடிக்கு நாலடி போர்டு ஒன்று 18 முதல் 20 கிலோ இருக்கும், நனைந்தால் இன்னும் கூடும். தண்ணீர் நிற்கிறது என்றால், மெயினை நிறுத்திவிட்டு, ஓரமாக ஏணியில் நின்று, கீழே வாளி வைத்து, உப்பலின் தாழ்ந்த இடத்தில் ஸ்க்ரூ டிரைவரால் சின்னத் துளை போட்டு வடியவிடுங்கள். மீதியை ஆள் வந்து பார்க்கட்டும்.

## மஞ்சள் கறை, கருப்புப் புள்ளி

கறைக்குப் பெயின்ட் அடிப்பது கடைசி வேலை. முதல் கேள்வி, எப்போது பெரிதாகிறது?

ஏசி ஓடும் மாதங்களில் மட்டும். ஏசி வடிகுழாய். உள்யூனிட்டின் தட்டில் ஒரு குவளைத் தண்ணீரை மெதுவாக ஊற்றி, வெளியே குழாய்முனையில் அதே அளவு வருகிறதா பாருங்கள். வராவிட்டால் அடைப்பு, அல்லது உள்ளே குழாய் மேல்நோக்கி வளைந்திருக்கிறது. ஏசி மெக்கானிக் அரை மணியில் முடிப்பார். கறைப் புகாரில் மலிவானது இது, அதனால்தான் முதலில் பார்க்கச் சொல்கிறேன்.

மழை பெய்த மறுநாள். மொட்டைமாடிக்கு ஏறுங்கள். மழைநீர் போகும் துளையில் வேப்பிலைச் சருகு அடைத்திருக்கிறதா? நம் பக்கத்தில் பாதி வீடுகளில் இதுதான். மாடியில் இரண்டு அங்குலம் தண்ணீர் தேங்கி நின்றால் எந்தத் தளமும் எங்காவது விடும். அடைப்பு இல்லையென்றால் தட்டோடுகளுக்கு நடுவே உள்ள சாந்து பெயர்ந்திருக்கிறதா, கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலையில் வெடிப்பு இருக்கிறதா, மாடித் தொட்டியின் குழாய் கசிகிறதா என்று பாருங்கள். கீழே உள்ள கறைக்கு நேர் மேலேயே தேடாதீர்கள். தண்ணீர் தளத்தில் ஒரு இடத்தில் இறங்கி, சேனல் வழியாக ஓடி, வேறொரு ஜாயிண்டில் வந்து சொட்டும். பத்தடி தள்ளி ஓட்டையைக் கண்டுபிடித்திருக்கிறேன்.

மழையும் ஏசியும் சம்பந்தமில்லை, வருடம் முழுக்க. மேலே குளியலறை இருக்கும். அதன் வடிகாலைத் துணியால் அடைத்து, தரையில் ஒரு அங்குலம் தண்ணீர் நிறுத்தி இரவு முழுக்க விடுங்கள். கறை நனைந்தால் தரையில் கசிவு. நனையாவிட்டால் மறுநாள் குழாய்களை மட்டும் திறந்துவிட்டுப் பாருங்கள். தரை என்றால் டைல்ஸைப் பெயர்த்து நீர்த்தடுப்பு செய்யவேண்டும். எல்லாவற்றிலும் செலவு கூடியது அதுதான், தள்ளிப்போட்டாலும் குறையப்போவதில்லை.

கசிவை நிறுத்திய பிறகு நன்றாகக் காயவிடுங்கள். கட்டைவிரலால் அழுத்தினால் கெட்டியாக இருக்கிறது என்றால், எண்ணெய் வகைக் கறைதடுப்புப் பிரைமர் ஒரு கோட் அடித்து, அதன்மேல் உங்கள் பெயின்ட். நீர்ப்பெயின்ட்டை நேராக அடித்தால் கறை இரண்டே நாளில் மேலே வந்துவிடும். மெத்தென்று அமுங்கினால் அந்தப் பகுதியைச் சேனலின் நடுக்கோடு வரை சதுரமாக வெட்டி எடுத்துப் புதுத் துண்டு போடவேண்டும். பச்சைநிறப் போர்டு போட்டால் கசிவு தாங்கும் என்று கடையில் சொல்வார்கள். அது குளியலறை மாதிரி ஈரக்காற்று உள்ள இடத்துக்கு. மேலிருந்து சொட்டுகிற தண்ணீரை அதுவும் தாங்காது.

கருப்புப் புள்ளிகள் பூஞ்சை. முகமூடி போட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள். மேற்பரப்பில் மட்டும் என்றால் துடைத்துவிடலாம், காகிதத்துக்குள் இறங்கியிருந்தால் அந்தத் துண்டையே மாற்றுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் வீட்டில் இதை ஒத்திப்போடாதீர்கள்.

வெட்டிய துளை வழியாக மேலே பார்க்கும்போது கான்கிரீட் பெயர்ந்து கம்பி துருவோடு தெரிந்தால் போர்டை மூடவேண்டாம். பொறியாளர் பார்த்துவிட்டுப் போகும்வரை அப்படியே திறந்திருக்கட்டும். அழகுக்காக மூடிவிட்டு, அப்புறம் ஆபத்தை மறந்துபோன வீடுகளைப் பார்த்து எனக்கு மனசு கஷ்டப்பட்டிருக்கிறது.

## துண்டு மாற்றும்போது: வெட்டு பொரிகிறது, துண்டு உட்காரவில்லை

ஓரம் பொரிந்தால் முதலில் பிளேடை மாற்றுங்கள். ஐந்தாறு வெட்டுக்கு ஒருமுறை கட்டர் கத்தியின் நுனியை உடைத்துவிட வேண்டும். ஆக்ஸா பிளேடால் அறுக்காதீர்கள், அது துளைகளுக்கு மட்டும். முன்பக்கக் காகிதத்தை நேரான சேனல் துண்டை வைத்து ஒரே இழுப்பில் கீறி, போர்டைக் கோட்டுக்கு நேராகப் பின்பக்கம் மடக்கி ஒடித்து, பின்காகிதத்தை அறுத்தால் கத்தி வைத்த மாதிரி வரும். அதற்கும் பொரிந்தால் போர்டே ஈரம் வாங்கியிருக்கிறது. தரையில் சாத்தி வைத்த போர்டா என்று கேளுங்கள். கட்டைகள் மேல் படுக்கவைத்து அடுக்கியதாக மாற்றி வாங்குங்கள்.

துண்டு உட்காரவில்லை என்றால் அறை சதுரமில்லை. மேலே ஒரு அளவு, கீழே ஒரு அளவு, இரண்டு பக்கமும் தனித்தனியாக எடுங்கள். எடுத்ததில் ஒரு நூல் குறைத்து வெட்டுங்கள். அடித்து நுழைத்த போர்டு மூலையில் நொறுங்கும், அல்லது அடுத்த வெயிலில் முட்டிக்கொண்டு தூக்கும். வெட்டிய ஓரத்தில் தொழிற்சாலைச் சரிவு இருக்காது. ஆகவே இரண்டு வெட்டோரம் சேரும் இடத்தில் கத்தியால் சாய்வாகச் சீவி, ஒரு நூல் இடைவெளி விட்டால்தான் காம்பவுண்டு உள்ளே இறங்கும்.

லைட் துளை பெரிதாகிவிட்டதா? லைட்டின் வெளிவட்டத்தை அளந்திருப்பீர்கள். அட்டைப்பெட்டியில் துளை அளவு தனியாக அச்சிட்டிருக்கும், அதைத்தான் எடுக்கவேண்டும். கொஞ்சம் பெரிது என்றால் விளிம்பு அகலமான லைட்டாக மாற்றிக்கொள்ளலாம். கை நுழைகிற அளவு என்றால் துளையைச் சதுரமாக்குங்கள். அதைவிடச் சுற்றிலும் இரண்டு அங்குலம் பெரிய துண்டு வெட்டி, பின்பக்கத்தில் துளையின் அளவுக்குக் கீறி, ஓரத்து ஜிப்சத்தை மட்டும் உதிர்த்து முன்காகிதத்தைக் காது மாதிரி விட்டுவிடுங்கள். துளையைச் சுற்றிக் காம்பவுண்டு தடவி அந்தக் காதுகளை ஒட்டினால் டேப்பே தேவையில்லை.

## பார்ட்டிஷன் ஆடுகிறது, மாட்டியது விழுகிறது

வேலூரில் மருத்துவமனைக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்கள் மாதக்கணக்கில் தங்குவதால், நகருக்குள் மாடி வீடுகளைப் பார்ட்டிஷன் போட்டு இரண்டு மூன்று அறையாக்கி வாடகைக்கு விடுகிறார்கள். அந்த அறைகளில்தான் இந்தப் புகார் அதிகம்.

கதவைச் சாத்தினால் ஆடுகிறதா? முதலில் கீல் ஸ்க்ரூக்களை இறுக்குங்கள். அடுத்து, கீழே தரைச் சேனலைக் காலால் தள்ளிப் பாருங்கள். டைல்ஸ் உடையுமே என்று பயந்து பசை மட்டும் தடவி ஒட்டியிருப்பார்கள். டைல்ஸ் பிட் போட்டு மெதுவாகத் துளைத்து, இரண்டடிக்கு ஒரு பிளக் கொடுங்கள். அதற்கும் ஆடினால் கதவு நிலைக்கு இருபுறமும் உள்ள ஸ்டட், அதாவது பார்ட்டிஷனுக்குள் நிமிர்ந்து நிற்கும் சட்டம், ஒற்றையாக இருக்கும். உள்ளே மரம் கொடுத்தோ ஸ்டட்டை இரட்டையாக்கியோ தளத்திலிருந்து தரைவரை நிறுத்தவேண்டும். ஒரு பக்கப் போர்டைப் பிரிக்கவேண்டிய வேலை.

மாட்டுவதில்: காலண்டர், சின்னக் கண்ணாடி போன்றவற்றுக்கு ஜிப்சம் பிளக் போதும். அலமாரி, டிவி என்றால் ஸ்டட்டில் ஸ்க்ரூ போகவேண்டும், அல்லது போர்டுக்குப் பின்னால் பிளைவுட் வைக்கவேண்டும். கீசரைச் செங்கல் சுவரில் மட்டும் மாட்டுங்கள்.

## பார்ட்டிஷனின் அடிப்பகுதி உப்புகிறது, உதிர்கிறது

தரை துடைக்கிற தண்ணீர். போர்டைத் தரையில் முட்ட நிறுத்தியிருந்தால் திரி மாதிரி உறிஞ்சும். அரை அங்குலம் மேலே தூக்கி நிறுத்தி, இடைவெளியைச் சீலன்ட்டால் அடைத்து, மேலே ஸ்கர்ட்டிங் ஒட்டவேண்டும். கெட்டுப்போனதைத் தரையிலிருந்து ஓரடி உயரத்துக்கு நேர்க்கோடாக வெட்டி எடுத்து, அங்கே சிமென்ட் போர்டு போடுங்கள்.

உப்பல் இல்லாமல் காகிதம் மட்டும் சரிகை மாதிரி அரித்திருந்தால், பக்கத்தில் மண்கோடு தேடுங்கள். கரையான். ஜிப்சத்தை அது தின்னாது, காகிதத்தையும் மரச்சட்டத்தையும் தின்னும். ஸ்கர்ட்டிங்கைப் பெயர்த்துப் பாருங்கள். மரத்தைத் தட்டினால் பொள்ளென்று கேட்டால் கரையான் மருந்து அடிப்பவரை முதலில் கூப்பிடுங்கள், போர்டுக்காரர் அடுத்த வாரம் வரட்டும்.

## உள்ளே சத்தம்

கோடையில் சாயங்காலம் டக், டக் என்று விட்டு விட்டுக் கேட்பது சேனல் சூடு ஆறுவது. விரிசலோ தொய்வோ இல்லையென்றால் விட்டுவிடலாம்.

பக்கத்து அறைப் பேச்சு அப்படியே கேட்டால், பார்ட்டிஷன் தளம்வரை போகாமல் ஃபால்ஸ் சீலிங்கோடு நின்றிருக்கும். லைட் துளையில் பார்த்தால் அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரியும். மேலே உள்ள அந்த இடைவெளியைப் போர்டு போட்டு அடைத்தாலே பாதிச் சத்தம் நின்றுவிடும். இரண்டு அறையின் சுவிட்சுப் பெட்டிகளும் முதுகோடு முதுகு ஒட்டியிருந்தால் ஒன்றைத் தள்ளி வையுங்கள். மீதிக்கு ஸ்டட்டுகளுக்கு நடுவில் ராக்வூல் என்கிற சத்தம் உறிஞ்சும் பஞ்சை அடைக்கலாம்.

ராத்திரியில் பறாண்டுகிற சத்தம் எலி. பகலில் என்றால் அணில். ஏசி குழாய் வெளியே போகிற துளையைத்தான் முதலில் பாருங்கள், பெரும்பாலும் அதை அடைக்காமல் விட்டிருப்பார்கள். உடனே அடைத்துவிடவும் கூடாது. இரண்டு மூன்று நாள் பொறி வைத்து, சத்தம் நின்றது உறுதியான பிறகு, கம்பிவலை திணித்துச் சிமென்ட் பூசுங்கள். அதன்பிறகு எலக்ட்ரீஷியனை ஒருமுறை வரவழைத்து, மேலே ஓடுகிற வயர்கள் கடிபட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். லைட் எரிகிறது என்பதற்காக இதை விட்டுவிடாதீர்கள்.